உசுரோட கீறியா, வாத்யாரே?

டீக்கடையில் யாராவது பின்னாலிருந்து "வாத்யாரே" என்று கூப்பிட்டால் நான் உடனே திரும்புவதில்லை. முதலில் கையிலிருக்கும் கிளாஸைக் கீழே வைப்பேன். மூச்சை ஒரு தடவை உள்ளே இழுத்து வெளியே விட்டுப் பார்ப்பேன். அது ஒழுங்காகப் போய் வருகிறது என்று தெரிந்த பிறகுதான் தலையைத் திருப்புவேன். பெரும்பாலும் கூப்பிட்டவர் வேறு யாரையோ கூப்பிட்டிருப்பார். சென்னையில் பாதிப் பேர் மீதிப் பேருக்கு வாத்தியார்தான்.

இந்தப் பழக்கம் எனக்கு ஒரு சட்டமன்றத் தேர்தலில் தொற்றியது. அதில் நான் வேட்பாளர். சிரிக்க வேண்டியவர்கள் இப்போதே சிரித்துவிடலாம். பின்னால் அதற்கு அவ்வளவாக இடம் வராது.

மாம்பலம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்துகிறேன். எழுபதுகளின் தொடக்கத்திலும் அதேதான் செய்துகொண்டிருந்தேன். எங்கள் தொகுதியில் இரண்டு பெரிய கட்சிகள். எங்களுடையது மூன்றாவது. நாங்களாகவே கொடுத்துக்கொண்ட இடம் அது; நான்காவதாக யாரும் வந்து ஆட்சேபிக்கவில்லை. கட்சிக் கூட்டமெல்லாம் என் இன்ஸ்டிட்யூட்டில்தான் நடக்கும். என் கொள்கைப் பிடிப்பு காரணமில்லை. என்னிடம் நாற்காலிகள் இருந்தன, அவ்வளவுதான்.

நிற்பதாக இருந்தவர் ஒரு வக்கீல். மனுத்தாக்கல் அன்று காலை, தன் மாமனார் சாப்பாட்டைத் தொட மறுக்கிறார் என்று ஆள் அனுப்பினார். செயலாளர் அறையைச் சுற்றிப் பார்த்தார். டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்களைக் கழித்துவிட்டுப் பார்த்தால் மிச்சம் இருந்தது நான்.

"நீங்க நல்லா ஜோக்கடிப்பீங்க. மேடைக்கு அதுதான் வேணும்" என்றார்.

அதுவே ஒரு ஜோக் என்று நினைத்துச் சிரித்தேன். சிரித்ததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் சொன்னபோது மனைவி அரிசி களைந்துகொண்டிருந்தாள். "என்னங்க, தப்பித்தவறி ஜெயிச்சுட்டா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"அந்தக் கவலை உனக்கு வேண்டாம்."

"அப்ப சரி" என்று தண்ணீரை வடித்தாள்.

பெரிய கட்சிகளுக்கு ஏற்கெனவே சின்னம் உண்டு. மற்றவர்கள் மிஞ்சியதில் எடுத்துக்கொள்ள வேண்டும். மனுக்களைப் பரிசீலித்துச் சின்னம் கொடுத்த அன்று மிஞ்சியவர்கள் இரண்டே பேர்: நானும் ஒரு சுயேச்சையும். எனக்கு ஏணி விழுந்தது. சுயேச்சைக்கு அரிக்கேன் விளக்கு. அவர் அந்த விளக்கைக் கேட்டு வாங்கினார்.

அவர் கிழவர். உடம்பில் சதை என்று சொல்ல எதுவும் இல்லை. குரல் மட்டும் ஒரு பயில்வானுடையது. சைதாப்பேட்டை மார்க்கெட்டில் வெகுகாலம் மூட்டை தூக்கியவர். அடையாற்றங்கரைக் குடிசைகளில் ஒன்றில் மகளோடு இருந்தார். மகள் மீன் விற்றாள். குடிசைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்துதான் அவரை நிறுத்தியிருந்தார்கள்.

"எதுக்காகப் பெரியவரே நிக்கறீங்க?" என்று கேட்டேன். என்னை யாரும் அப்படிக் கேட்டுவிடக் கூடாதே என்ற பயத்தில் முந்திக்கொண்டேன்.

"எங்க குப்பத்துல லைட்டு கெடியாது வாத்யாரே. பொயுது சாஞ்சா ஆத்தோரம் ஒரே கும்மிருட்டு. எம்பொஞ்சாதியப் பாம்பு புடுங்கனது அந்த இருட்டுலதான். மனு குடுத்தோம், போட்டோ புடிச்சானுங்க, பூட்டானுங்க. மனுவ எவனும் எண்ண மாட்டான். ஓட்ட எண்ணித்தான ஆவணும்? எத்தினி பேரு வெளக்கு கேட்டான்னு அந்த ஆபீசரு வாயாலயே சொல்லணும். அது போதும் எனுக்கு. ஜெயிக்கறதுக்கா நிக்கறேன்?"

எங்கள் கட்சியின் தேர்தல் அறிக்கையை நான்தான் டைப் அடித்திருந்தேன். அதில் அது இருபத்து மூன்றாவது வாக்குறுதியின் கீழே எங்கோ இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம்.

அப்போதுதான் முந்திக்கொண்டிருந்த கட்சியின் ஏஜெண்ட் எங்களிடம் வந்தார். எப்போதும் வாயில் வெற்றிலை. ஒரு ஓரமாக ஒதுக்கிக்கொண்டு, "ரெண்டு பேரும் உடம்பப் பாத்துக்கணும் சார். ஓட்டுப் பதிவு தொடங்கறதுக்கு முன்னால வேட்பாளர் யாராவது போய்ட்டா இங்க தேர்தலே நின்னுடும். மறுபடி எல்லாம் முதல்லேர்ந்து" என்றார்.

"யாராவதுன்னா? எங்கள மாதிரி ஆளுங்க கூடவா?"

"யார் போனாலும்தான் சார்."

பெரிய கட்சி, சின்னக் கட்சி, சுயேச்சை என்ற பேதமெல்லாம் சாவுக்குக் கிடையாது. இந்த ஒரு விஷயத்தில் சட்டத்துக்கும் கிடையாது.

கிழவர் யோசித்தார். "அப்பால மறுபடி நடந்தா, போனவன் சின்னம் இருக்குமா?"

"போனவருக்கு எதுக்குங்க சின்னம்?"

கிழவர் விளக்குப் படம் போட்ட தாளை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "அப்ப சாவக் கூடாது வாத்யாரே" என்றார், ஏதோ மழைக்கு முன்னால் துணியை எடுத்துவிட வேண்டும் என்பது போல.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெற்றிலைக்காரரின் கட்சி முன்னால் இருக்கிறது. அவர்களுக்கு நாங்கள் உயிரோடு வேண்டும். பின்தங்கியிருக்கும் கட்சிக்கு நாள் வேண்டும். தேர்தல் தள்ளிப்போனால் சமாளித்துக்கொள்வார்கள். தள்ளிப்போக வேண்டுமென்றால் எங்களில் ஒருவர் போக வேண்டும். கிழவர் மூட்டை தூக்கிய கட்டை, லேசில் போக மாட்டார். நான் உட்கார்ந்தே பிழைத்தவன்.

பின்தங்கிய கட்சியின் ஏஜெண்ட் வெயிலோ மழையோ குடையோடுதான் வருவார். மறுநாளே என் மாடிக்கு வந்தார். "சும்மா பாத்துட்டுப் போலாம்னு" என்றார். சும்மா பார்க்க நான் என்ன கோயில் தேரா? வரும்போதே எனக்கு ஒரு கோலி சோடா உடைத்து வாங்கி வந்திருந்தார். சிரித்துக்கொண்டே வாங்கினேன். அவர் போஸ்டரைப் படிக்கத் திரும்பிய சமயம் சோடாவைக் குரோட்டன்ஸ் தொட்டியில் கவிழ்த்தேன். நாலைந்து நாளில் அந்தச் செடி செத்துப்போனது. தண்ணீர் ஊற்றாததால் என்று மனைவி சொன்னாள். அவள் சொன்னது நிஜம்தான். ஆனால் அந்தச் சமயத்தில் நிஜம் என் பக்கத்திலேயே வர முடியாது.

அதே வாரம் பனகல் பார்க் வழியாக நடந்து வரும்போது ஒருவன் சைக்கிளில் பின்னாலேயே வந்தான். நான் நின்றால் அவனும் நின்றான். சுண்டல் வாங்குவது போல நடித்தேன். அவனும் சுண்டல் வாங்கினான். ஓடினேன். நாற்பதைத் தொட்ட, வேட்டி கட்டிய வேட்பாளர் ஒருவர் பட்டப்பகலில் பார்க்கைச் சுற்றி ஓடுவதை வாக்காளப் பெருமக்கள் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டாவது சுற்றில் அவன் சைக்கிளைப் போட்டுவிட்டு மூச்சிரைக்கக் கத்தினான்:

"சார், மெதுவா ஓடுங்க சார்! நீங்க வுழுந்து கிழுந்து தொலைச்சீங்கன்னா எங்க வெத்தலக்காரரு என்னக் கொன்னுடுவாரு!"

என்னைக் காப்பாற்றப் போட்ட ஆள். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கும்போதெல்லாம் பயம் இரண்டு மடங்கானது. காவல் போடும் அளவுக்கு ஆபத்து நிஜம் என்று ஆகிவிட்டதல்லவா?

ஊர்வலம் விடலாம் என்று செயலாளர் சொன்னார். அவர் வாங்கியது நீளமான மூங்கில் ஏணி. நிறுத்திப் பிடித்துக்கொண்டு போனால் மின்சாரக் கம்பியில் மாட்டியது. அதனால் படுக்கவைத்து, முன்னால் இரண்டு பேர், பின்னால் இரண்டு பேர் என்று தோளில் வைத்துக்கொண்டார்கள். எவனோ ஆசையாகச் சாமந்தி மாலையை ஏணி முழுக்கச் சுற்றினான். மேளத்துக்குக் கிடைத்தவர்கள் கண்ணம்மாபேட்டைச் சுடுகாட்டுப் பக்கத்து ஆட்கள். அவர்களுக்குக் கைவந்த அடி ஒன்றே ஒன்றுதான். கழுத்தில் மாலையோடு, கும்பிட்ட கையோடு, நான் முன்னால் நடந்தேன். தெற்கு உஸ்மான் ரோட்டில், கண்ணம்மாபேட்டை இருக்கும் திசையில்.

முதலில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் பீடியை மறைத்தார். என் உள்ளம் குளிர்ந்தது. இவ்வளவு மரியாதை இருக்கிறதே என்று கையை இன்னும் உயர்த்திக் கும்பிட்டேன். அவர்கள் பதிலுக்குக் கும்பிட்டது என்னையல்ல, எனக்குப் பின்னால் வந்ததை. அடுத்து ஜவுளிக்கடை அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், எங்களைப் பார்த்ததும் கடைப் பையனிடம் ஏதோ சொல்ல, ஷட்டர் பாதி இறங்கியது. எதிர்வீட்டு அம்மாள் பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டு, நாங்கள் தாண்டியதும் வாசலில் ஒரு செம்புத் தண்ணீரைக் கொட்டினாள்.

அண்ணாச்சி இறங்கி வந்து கடைசியில் வந்தவனிடம் மெல்லக் கேட்டார்: "யாருவே போனது?"

"நம்ம வேட்பாளர் அண்ணாச்சி. முன்னால போறாரு பாருங்க."

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். ஏணியைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "நல்லா இரும்" என்றார். அப்படி ஒரு வாழ்த்தை அவர் எந்த வேட்பாளருக்கும் அவ்வளவு மனசறிந்து சொல்லியிருக்க மாட்டார்.

அன்று வீட்டுக்கு வந்து, என் பாடைக்கு நானே முன்னால் நடந்ததை மனைவியிடம் நடித்துக் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை. எழுந்து போய் எனக்குத் திருஷ்டி சுற்றிப் போட உப்பும் மிளகாயும் எடுத்து வந்தாள். ஏணியை மாடிப்படிக்குக் கீழே சாத்தி வைத்திருந்தேன். அதைத் தாண்டி மேலே போகும்போது காலைச் சுருக்கிக்கொண்டுதான் போவேன். மாலையின் பூ உதிர்ந்துபோய் நார் மட்டும் அதில் சுற்றிக் கிடந்தது.

ஆறுதல் கிடைத்த ஒரே இடம் சைதாப்பேட்டைப் பாலத்துக்குப் பக்கத்து டீக்கடை. காலையில் நான் அந்தப் பக்கம் ஓட்டுக் கேட்கப் போவேன். கிழவர் அங்கே இருப்பார். பெஞ்சில், பக்கத்தில், பட்டப்பகலில், ஏற்றிய அரிக்கேன் விளக்கு. பகலில் விளக்கைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போய், "பாத்தியா? பகல்ல வேஸ்ட்டு. ராவுல கெடியாது. யோசிச்சிப் போடு" என்பார். அதைவிடச் சிறந்த தேர்தல் பேச்சை நான் கேட்டதில்லை.

என்னைப் பார்த்ததும் கடை முழுக்கக் கேட்க, "இன்னா வாத்யாரே, உசுரோட கீறியா?" என்று கத்துவார்.

"கீறேன் பெரியவரே. நீங்க?"

"கீறேன் வாத்யாரே. ஒருத்தன் பூட்டா ரெண்டு பேரு எலீக்சனும் பூடும்!"

டீ ஆற்றுகிறவர் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு தீர்ந்துபோவதற்குள் டீயைக் குடித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் கிளாஸ் அப்படியே ஆறிக் கிடக்கும். ஒருநாள் அவர் இருமிய இருமலில் விளக்குச் சுடரே ஆடியது. அதைப் பார்த்ததைப் பார்க்காதது போல இருந்தேன்.

தேர்தலுக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது பெஞ்சு காலியாக இருந்தது. "பெரியவரு?" என்றேன். டீக்கடைக்காரர் ஆற்றுப் பக்கம் கையைக் காட்டினார்.

குடிசைக்கு வெளியே அரிக்கேன் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவர். குரல் மட்டும் அப்படியே இருந்தது, உடம்பு அதைப் போட்டுவைத்த கோணி மாதிரி. வெளியே வேப்ப மரத்தடியில் வெற்றிலைக்காரர் ஒரு டாக்டரைக் காரில் கொண்டுவந்திருந்தார். நாலடி தள்ளி, குடையை ஊன்றிக்கொண்டு, சாத்துக்குடிப் பையோடு குடைக்காரர். ஒருவர் உள்ளே போய்வந்த டாக்டரிடம் "தாங்குமா சார்?" என்றார். இன்னொருவர் "எத்தனை நாள் தாங்கும் சார்?" என்றார். இரண்டும் ஒரே கேள்விதான். முகம்தான் வேறு.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். கிழவர் முடியாது என்றார். அங்கே போனவர்கள் யாரும் திரும்பி வந்து அவர் பார்த்ததில்லையாம். மருந்தை மட்டும் வாங்கிக்கொண்டார். குடைக்காரரின் சாத்துக்குடியை மகள் வாங்கி, அவர் கண்ணெதிரிலேயே ஆட்டுக்கு உரித்துப் போட்டாள். ஆடு ஆனந்தமாகத் தின்றது, ஒன்றும் ஆகவில்லை. குடைக்காரர் பாவம், நிஜமாகவே வெறும் சாத்துக்குடிதான் வாங்கி வந்திருந்தார். அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. யாரும் யாரையும் கொல்லத் தேவையில்லை. சும்மா நின்று பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

அதற்குப் பிறகு தினமும் போனேன். என்னைப் பற்றிய பயம் அந்த நாட்களில் எங்கே போனதென்று தெரியவில்லை. ரோட்டில் பஸ்ஸைப் பார்க்காமல் குறுக்கே நடந்தேன். சோடா குடித்தேன்.

வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கிழவர் கண்ணைத் திறந்து என்னைத் தேடினார்.

"நாளிக்கி ஓட்டு வுழ ஆரம்பிக்கற வரிக்கும் இஸ்துப் புடிச்சிக்கினு இருந்துட்டா போதும் வாத்யாரே. அப்பால எது வந்தாலும் வரட்டும்."

"அதெல்லாம் ஒண்ணும் வராது. நாளன்னிக்கு டீக்கடையில பாக்கறோம்."

"நீ ஜோக்கு வுடாத. ஒண்ணு செய்யி. காலீல வா. வாசல்ல நின்னு, எப்பவும் கேப்பியே, அத்தக் கேளு. எல்லாரு காதுலயும் வுழணும்."

"அது நான் கேக்கறதில்லையே, நீங்கதானே கேப்பீங்க?"

"நாளிக்கி நீ கேளு" என்றார். மகளைப் பார்த்து, "எம்மா, வெளக்கு. நான் கீற வரிக்கும் வாசல்ல எரியணும். அணஞ்சா எல்லாம் அணஞ்சிரும், பாத்துக்க" என்றார்.

மகள் "நீ கம்முனு படு நைனா" என்றாள். அவளுக்கும் அதே குரல். மார்க்கெட்டில் மீன் கூவி விற்றுக் கட்டிப்போன, கரகரத்த, ஆண் குரல் மாதிரியான குரல். அன்று அதை நான் கவனித்தேன் என்று சொல்ல முடியாது. பிறகுதான் அதைப் பற்றி நிறைய யோசித்தேன்.

மறுநாள் காலை, வாக்குச்சாவடி திறப்பதற்கு முன் ஆற்றங்கரைக்குப் போனேன். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டிருந்தது. வாசலில் விளக்கு எரிந்தது. குடிசைக்காரர்கள் குளித்து, தலை வாரி, கலியாணத்துக்குப் போவது போல நின்றார்கள். யாரும் பேசவில்லை. குழந்தைகள்கூட. வெற்றிலைக்காரர் வெற்றிலை போடாமல் நின்றார். குடைக்காரர் வாசலுக்கே வந்துவிட்டிருந்தார்.

"ஒரு எட்டு உள்ள பாத்துட்டுப் போயிடறேம்மா" என்றார் குடைக்காரர்.

மகள் வாசலில் குறுக்கே நின்றாள். "உடம்பு தொடச்சிக்கினு கீறேன். வயசானவர இப்பிடிப் பாப்பியா? வெக்கமா இல்ல?"

"அப்ப பேசச் சொல்லுங்க. குரல் கேட்டாப் போதும்."

மகள் என்னைப் பார்த்தாள். "இரு சார், எழுப்பறேன்" என்று உள்ளே போனாள். கோணித் திரை விழுந்தது.

என் முறை. இவ்வளவு நாள் மேடையில் பேசியவன் நான். அன்று பேச வேண்டியது மூன்றே வார்த்தை. பதில் வராவிட்டால்? வராவிட்டால் அத்தனை பேர் குளித்துத் தலை வாரியது வீண். வராவிட்டால் எல்லாம் இன்னொரு நாள் மறுபடி நடக்கும், விளக்கு மட்டும் இருக்காது. குடைக்காரர் என் வாயைப் பார்த்தார். கத்தினேன்:

"பெரியவரே! உசுரோட கீறீங்களா?"

ஆட்டின் மணி ஒருமுறை அசைந்தது. பாலத்தின் மேல் ஒரு பஸ் போனது. அப்புறம் திரைக்கு உள்ளேயிருந்து, சளி கட்டிய, அடித்தொண்டைக் குரல்:

"கீறேன் வாத்யாரே."

குடைக்காரர் நிமிர்ந்தார். குடையை அக்குளில் இடுக்கிக்கொண்டு மேட்டில் ஏறிப் போனார். அவர் தலை மறைந்ததும் குடிசைக்காரர்கள் மெதுவாக, ஒருவர் பின் ஒருவராக, வாக்குச்சாவடியைப் பார்த்து நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் ஓட்டு விழ ஆரம்பித்துவிட்டது என்று ஒருவன் ஓடி வந்து சொன்னான். வெற்றிலைக்காரர் பெருமூச்சு விட்டு இரண்டு வெற்றிலையைச் சேர்த்துப் போட்டார்.

அன்று முழுவதும் அந்த விளக்கு வாசலில் எரிந்தது. உச்சி வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியாது. அருகில் கையை வைத்தால்தான் சுடும். நான் இரண்டு தரம் போய்க் கையை வைத்துப் பார்த்தேன். மகள் வெளியே உட்கார்ந்திருந்தாள். "தூங்குது" என்றாள், கேட்காமலேயே. ஓட்டுப் போட்ட மை அவள் விரலில் இருந்தது. சாவடி மூடி, கடைசி ஆளும் திரும்பி வந்த பிறகு அவள் எழுந்து, விளக்கை எடுத்து, ஒரே ஊதலில் அணைத்தாள். பிறகு தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். கரை முழுவதும் ஒரே சமயத்தில் அழுதது. காலையிலிருந்து அடக்கிவைத்திருந்தது போல இருந்தது அந்தச் சத்தம்.

மறுநாள் பாடை கட்ட மூங்கில் தேடியபோது ஒருவர் என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். "சார், உங்க ஏணி கீதா?"

இருந்தது. மாடிப்படிக்குக் கீழிருந்து நானே தூக்கிக் கொடுத்தேன். என் மாலையின் நாரை அறுத்துவிட்டுப் புது மாலை சுற்றினார்கள். அதே மேளக்காரர்கள், அதே அடி, அதே தெற்கு உஸ்மான் ரோடு. ஒரு ஓரத்தில் நான் தோள் கொடுத்திருந்தேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழவில்லை. எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர், "எலெக்‌ஷன் முடிஞ்சும் உங்க ஊர்வலம் முடியலியா சார்?" என்று கையை ஆட்டினார். அண்ணாச்சி கடை ஷட்டர் இறங்கவில்லை. அவர் படியில் நின்று ஒரு கும்பிடு போட்டார், வேட்பாளருக்குப் போடுவது போல. ஏணி அவருக்கு நேராக வந்தபோதுதான் அதன் மேல் இருப்பது அவர் கண்ணில் பட்டது. அந்த முகத்தை இன்னொரு முறை பார்க்க எனக்குத் தைரியமில்லை. அவர் கடையில் அதற்குப் பிறகு நான் துணி எடுத்ததில்லை.

குளிப்பாட்டிய ஆள் சுடுகாட்டில் என் காதோடு சொன்னார்: "நேத்து அழுவற சத்தம் கேட்டு உள்ள போனப்பவே உடம்பு வெறகாட்டம் வெறைச்சிக் கெடந்துச்சி சார். சாயங்காலம் போன உடம்பு மாரி தெர்ல. ரொம்ப முந்தியே போயிருக்கும்."

"எவ்வளவு முந்தி?"

அவர் என்னைப் பார்த்துவிட்டுப் பீடியைப் பற்றவைத்துக்கொண்டார்.

ஓட்டு எண்ணிய அறையில் அதிகாரி ஒவ்வொரு பெயராக, சின்னமாகச் சத்தமாகப் படித்தார். வெற்றிலைக்காரரின் கட்சி ஜெயித்தது. குடைக்காரரின் கட்சி தோற்றது. விளக்குக்கு விழுந்ததைப் படித்தபோது ஏஜெண்டுகள் தலையை நிமிர்த்தினார்கள். பிறகு ஏணி. ஏணி விளக்கைவிடக் கீழே. எங்கள் கட்சி மூன்றாவது என்று சொல்லிக்கொண்டிருந்ததும் அன்றோடு போனது. செத்தவரிடம் தோற்ற வேட்பாளர் என்று செயலாளர் என்னைக் கொஞ்ச நாள் கேலி செய்தார். கேலியில் தப்பில்லை. எந்த நேரத்தில் செத்தவரிடம் தோற்றேன் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

கருமாதியன்று மகளிடம் கேட்டேவிட்டேன். "அன்னிக்குக் காலையில பதில் சொன்னது யாரும்மா?"

அவள் படையலுக்கு வாழையிலையைக் கழுவிக்கொண்டிருந்தாள். "நீ யாரக் கேட்ட சார்?"

"உங்க அப்பாவத்தான்."

"அப்ப அவருதான் சொன்னாரு" என்றாள், நிமிராமல், அதே குரலில்.

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அந்த இரண்டு வார்த்தையை வீட்டில் எத்தனையோ தரம் மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு நாள் அது கிழவர் குரலாகவே இருக்கும். ஒரு நாள் மகளுடையதாக இருக்கும். சில நாள், காரணமில்லாமல், என்னுடையதாக இருக்கும்.

இரண்டு மூன்று வருஷத்தில் அந்தக் குடிசைகளை எடுத்துவிட்டார்கள். எல்லாரையும் லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே எங்கோ கொண்டுபோய் விட்டார்கள். மகள் போகும்போது ஏணியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். பாடையைத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது? வேண்டாம் என்றேன். "உங்க சின்னம் சார்" என்று படிக்குக் கீழே சாத்திவிட்டுப் போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறது. வெள்ளையடிக்க வருகிறவன் கேட்டால்கூட நான் கொடுப்பதில்லை.

அவர்கள் போன பிறகு, யாருடைய முயற்சியோ தெரியாது, அந்தக் கரையில் வரிசையாக விளக்குக் கம்பங்கள் நட்டார்கள். கீழே ஒரு குடிசை இல்லை, ஒரு ஆடு இல்லை. புல்லும் தண்ணீரும்தான். சாயங்காலம் கிண்டிப் பக்கம் போகும் மின்சார ரயிலில் சைதாப்பேட்டையைத் தாண்டி ஆற்றுப் பாலம் ஏறும்போது பார்த்தால் தெரியும். யாருக்காகவோ எல்லாம் எரிந்துகொண்டிருக்கும்.

போன வாரம் அந்த ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். பாலம் தடதடத்தது. விளக்குகள் ஒவ்வொன்றாக முகத்தில் அடித்துவிட்டுப் போயின. கூட்டத்தில் எவரோ எவரையோ "வாத்யாரே" என்றார்கள். கையில் கீழே வைக்க டீ கிளாஸ் இல்லை. மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தேன். வந்தது, போனது.

"கீறேன் பெரியவரே" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

பக்கத்தில் இருந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார்ந்தார்.